பழைய லொறிக்குப் புதிய எஞ்சின்: செசி எங்கே தாங்கும், எங்கே வெடிக்கும்

கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஓர் எஞ்சினை ஒரே பிற்பகலில் வாங்கிவிடலாம். ஜப்பானில் கழற்றிக் கொண்டுவரப்பட்ட ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் கியர்பொக்ஸோடும் வயரிங்கோடும் கடை வாசலிலேயே இருக்கும். ஐம்பதுகளின் செவ்ரொலே பிக்கப்போ, பெட்போர்ட் லொறியோ வைத்திருக்கும் ஒருவர் அங்கே போனால் கேட்பது குதிரைவலு எவ்வளவு, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, கம்ப்யூட்டர் பெட்டி சேர்ந்து வருமா என்பதைத்தான். செசி, அதாவது வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீள இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த கூடு, இந்த எஞ்சினைத் தாங்குமா என்ற கேள்வி, காசு கொடுத்து முடிந்த பிறகுதான் வெல்டிங் செய்யும் தொழிலாளியான பாஸின் முன்னால் எழுகிறது. அங்கே விடை எப்போதும் தயாராக இருக்கும்: உள்பக்கத்தில் தடித்த தகடு ஒன்றை அடித்துவிடலாம்.

அந்த விடையில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி பல நல்ல வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. எஞ்சினிலிருந்தும் சில்லிலிருந்தும் வரும் விசை எந்த வழியாகச் சட்டத்துக்குள் நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்த வழியில் திடீர் முடிவும் திடீர் வெட்டும் இல்லாதபடி செய்ய வேண்டும். செசியைப் பலப்படுத்துவது என்றால் இதுதான். தகட்டின் தடிப்பு அதற்குப் பிறகு பேச வேண்டிய விடயம்.

கொழும்பில் கிடைக்கும் பழைய செசிகளுக்குத் தனி வரலாறு இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் ஒரு பெட்போர்டோ ஒஸ்ரினோ பழுதானால் புதிய வண்டி வராது, புதிய செசியும் வராது. உள்ளதையே ஒட்டி, நீட்டி, ரிவெட் அடித்து ஓட்டினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 வரை கார்கள் வராமல் இருந்தபோது, பழையதைக் கட்டிக் காக்கும் வழக்கம் இன்னொரு சுற்று வந்தது. ஆகவே இன்று ஒருவர் வாங்கும் எழுபது வருடச் செசி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் செசி அல்ல. யாரோ ஒருவர் சில்லிடைத் தூரத்தைக் கூட்டியிருப்பார். யாரோ ஒருவர் மணல் ஏற்றுவதற்காகப் பின்பக்கத்தில் தகடு ஒட்டியிருப்பார். 2016 மேயில் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கமெல்லாம் தண்ணீருக்குள் போனபோது அந்த வண்டி எங்கே நின்றது என்பதும் கேட்கத்தக்க கேள்வி. சட்டத்தின் உள்மடிப்பில் தங்கிய சேறு வருடக்கணக்காக ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

விசை எப்படி நுழைகிறது

உதாரணத்துக்கு 1947 இல் வந்த செவ்ரொலே 3100 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், அதாவது மூன்றரை லீற்றர், 90 குதிரைவலு தந்தது. அதன் டோர்க், அதாவது முறுக்கு விசை, ஏறத்தாழ 236 நியூட்டன் மீற்றர். மூன்று கியர் பெட்டியின் முதலாம் கியர் 2.94 மடங்கு, டிபரன்ஷியல் 4.11 மடங்கு. இவை டோர்க்கைப் பெருக்கும் அளவுகள். அப்படியானால் முதலாம் கியரில், கியர்பொக்ஸிலிருந்து பின் அக்சலுக்குப் போகும் ப்ரொப்பெலர் ஷாப்டில் 694 நியூட்டன் மீற்றர், பின் அக்சலில் சுமார் 2,850 நியூட்டன் மீற்றர்.

இப்போது அந்த இடத்தில் டொயோட்டாவின் 1யூஇசட் எஞ்சினை வைக்கிறோம் என்போம். நான்கு லீற்றர், எட்டு சிலிண்டர், டோர்க் 350 நியூட்டன் மீற்றரை ஒட்டியது. அதோடு பூட்டும் ஓட்டோ கியர்பொக்ஸின் முதலாம் கியர் 2.8 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில் ஓட்டோ கியர்பொக்ஸில் கிளச்சுக்குப் பதிலாக இருக்கும் டோர்க் கொன்வேர்ட்டர் அதை இரண்டு மடங்குவரை பெருக்கும். கணக்குப் போட்டால் ப்ரொப்பெலர் ஷாப்டில் 1,960 நியூட்டன் மீற்றர் வருகிறது. பழையதைவிட மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு.

இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துதான் பலர் தடித்த தகட்டை நோக்கி ஓடுகிறார்கள். ஆனால் இடையில் டயர் நிற்கிறது. வெறும் பிக்கப்பின் பின் அக்சலில் 800 கிலோ பாரம் இருந்தால், காய்ந்த தாரில் 35 சென்றிமீற்றர் ஆரமுள்ள டயர் பிடித்துக்கொள்ளக்கூடிய டோர்க் ஏறத்தாழ 2,200 நியூட்டன் மீற்றர்தான். அதற்கு மேலே கொடுத்தால் சில்லு அதே இடத்தில் சுழலும். மிச்ச வலு புகையாகப் போகும், செசிக்கு வராது. சாமான் ஏற்றி அந்த அக்சலில் 1,500 கிலோ நின்றால் டயர் 4,100 வரை பிடிக்கும். அதை டிபரன்ஷியலின் 4.11 ஆல் பிரித்தால் ப்ரொப்பெலர் ஷாப்டில் 1,000 நியூட்டன் மீற்றர். ஆகவே உண்மையில் செசி உணரும் முறுக்கு 694 இலிருந்து 1,000 க்குப் போகிறது. மூன்று மடங்கு என்று தாளில் வந்தது, றோட்டில் ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைகிறது. அகலமான, நன்றாகப் பிடிக்கும் டயர் போட்டால் இந்த எண் மேலே ஏறும். டயர் தெரிவு செசியின் விடயமும்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஒன்றரை மடங்குதானே என்று விட்டுவிடவும் முடியாது. இரும்பு ஒரே அடியில் முறிவது அரிது. பிக்கப்பின் சட்டம் வெடிப்பது களைப்பால்: ஒவ்வொரு புறப்பாட்டிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு துளையின் விளிம்பிலோ வெல்டிங்கின் ஓரத்திலோ மயிரிழை வெடிப்பு தொடங்குகிறது. வெல்டிங் செய்த இணைப்புகளுக்குப் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் களைப்பு விதி கடுமையானது. அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். ஒன்றரை மடங்குக்குக் கிட்டப் போனாலே ஏறக்குறைய மூன்றில் ஒன்று. முப்பது வருடம் தாங்கியிருக்க வேண்டிய இணைப்பு பத்து வருடத்தில் வாய் திறக்கும் என்பதுதான் இதன் பொருள். அந்த இணைப்பை வெட்டியும் ஒட்டியும் நாமே மோசமாக்கினால் பத்து வருடமும் கிடைக்காது.

விசை நுழையும் இடங்களைக் கவனியுங்கள். கியர்பொக்ஸ் எஞ்சினோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருப்பதால், ப்ரொப்பெலர் ஷாப்டின் முழு முறுக்கும் எதிர்த் திசையில், எஞ்சினைச் செசியில் தாங்கும் மவுண்டிங்குகளுக்கு வருகிறது. ஒரு பக்கச் சட்டத்தை அழுத்துகிறது, மறுபக்கச் சட்டத்தைத் தூக்குகிறது. பின்பக்கத்தில் அக்சல் அதே முறுக்கை வில்லுகள் (ஸ்பிரிங்குகள்) வழியாக மறுதிசையில் கொடுக்கிறது. எஞ்சின் மவுண்டிங்குக்கும் பின் வில்லுக்கும் இடையில் உள்ள செசித் துண்டுதான் முறுக்கப்படுகிறது. முன் பம்பரிலிருந்து எஞ்சின்வரை உள்ள பகுதிக்கு எஞ்சின் வலுவால் பெரிய கவலை இல்லை. அங்கே கவலை ஸ்டியரிங் பெட்டியும் முன் வில்லும்தான்.

செவ்ரொலேயில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் முன்னால் நடுவிலும், பின்னால் கிளச் உறையின் இரண்டு பக்கத்திலும் தாங்கப்பட்டது. அந்தக் கிளச் உறையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்தான் செசியின் நடுவயிற்றைப் பிடித்து வைத்திருப்பது. புதிய ஓட்டோ கியர்பொக்ஸ் அகலமானது. அதற்கு இடம் போதாது என்று கராஜ்களில் முதலில் வெட்டி எறியப்படுவது அதே குறுக்குச் சட்டம்தான். கூடுதல் வலு வரப்போகும் இடத்தில் இருந்த ஒரே பிடிப்பையும் எடுத்துவிட்டு, பிறகு பக்கத்தில் தகடு ஒட்டுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. வெட்டத்தான் வேண்டுமென்றால், கியர்பொக்ஸுக்குக் கீழே வளைந்து போகும் புதிய குறுக்குச் சட்டம் ஒன்றைப் போல்ட் போட்டுக் கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்து வைத்துக்கொண்டே பழையதில் கை வைக்க வேண்டும்.

அதோடு 1954 வரை வந்த அரைத் தொன் செவ்ரொலேகளில் ப்ரொப்பெலர் ஷாப்ட் வெளியே தெரியாது. தடித்த குழாய் ஒன்றுக்குள் ஓடும். அந்தக் குழாய் டிபரன்ஷியலின் மூக்கோடு இறுகப் பூட்டப்பட்டு, முன்னால் கியர்பொக்ஸின் பின்பக்கத்தில் உருண்டை மூட்டில் முடியும். அக்சல் புறப்படும்போது மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். அதைக் குழாய் பிடித்துக்கொள்ளும். நவீன எஞ்சின் வைப்பவர்கள் இந்தக் குழாயை எடுத்துவிட்டுத் திறந்த ஷாப்ட் போடுகிறார்கள். அன்றிலிருந்து மூக்குத் தூக்கும் விசை முழுவதும் வில்லுகளுக்கும், வில்லுகளைச் செசியில் பிடிக்கும் ஹேங்கர்களுக்கும் போகிறது. முன்பு சொன்ன 4,100 நியூட்டன் மீற்றரை 1.2 மீற்றர் நீள வில்லால் பிரித்தால், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 350 கிலோ பாரத்துக்கு ஈடான விசை முன் ஹேங்கரை மேலே தள்ளி, பின் ஹேங்கரைக் கீழே இழுக்கிறது. இந்த வேலைக்காக அந்த ஹேங்கர்கள் செய்யப்படவே இல்லை. எஞ்சின் மவுண்டிங்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள் இந்தப் பின் ஹேங்கரின் ரிவெட்டுகளைத் தொட்டும் பார்ப்பதில்லை.

முதலில் செசியை வாசிக்க வேண்டும்

கராஜில் கபினையும் பொடியையும் இறக்கி வைத்த பிறகு செசியைச் சமதரையில் நான்கு ஸ்டாண்டில் வைக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் குறிப்பிட்ட ரிவெட்டுகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சோக்கால் புள்ளி வைத்து, குறுக்காக மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செசி சரிந்திருக்கிறது. சரிந்த செசியில் தகடு ஒட்டினால் சரிவு நிரந்தரமாகிவிடும். ஆகவே இழுத்துச் சரி செய்வது முதல் வேலை.

பிறகு வெடிப்புத் தேட வேண்டும். இதற்கு, வெடிப்புக்குள் ஊறும் சாயத்தைத் தெளிக்கும் நவீன முறை உண்டு. பழைய பாஸ்மார் செய்வது மண்ணெண்ணெய் முறை. பெயின்டும் துருவும் போகக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசிக் கால்மணி நேரம் விடுவார்கள். பிறகு சீலையால் ஒட்டத் துடைத்து, அரைத்த சோக்குத் தூளைத் தட்டுவார்கள். வெடிப்புக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் நூல் அளவில் ஒரு கறுத்த கோடு தெரியும். ஸ்டியரிங் பெட்டியின் போல்ட் துளையிலிருந்து கீழ் விளிம்பை நோக்கி அந்தக் கோடு ஓடுவதைப் பார்த்த எவரும் அதற்குப் பிறகு அந்த இடத்தைச் சும்மா பெயின்ட் அடித்து மூட மாட்டார்கள்.

ரிவெட்டுகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும். தலையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி கசிந்திருந்தால் அந்த ரிவெட் ஆடிக்கொண்டிருக்கிறது. குறுக்குச் சட்டமும் நீளச் சட்டமும் ஒட்டும் இடத்தில் நடுவே துரு ஊதி இரண்டு தகட்டையும் பிரித்திருந்தால், மேலே எவ்வளவு வெல்டிங் செய்தாலும் பலனில்லை. ரிவெட்டை வெட்டி, பிரித்து, சுத்தம் செய்து மறுபடி பூட்ட வேண்டும். திரும்பவும் ரிவெட் அடிக்க வசதி இல்லாவிட்டால் 8.8 அல்லது 10.9 தர போல்ட் போடலாம். ஆனால் துளை போல்டோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். 12 மில்லி போல்டுக்கு 13 மில்லி துளை போட்டால் அந்த ஒரு மில்லி ஆட்டத்தில்தான் இணைப்பு தேயும். சற்றுச் சிறிதாகத் துளைத்து, துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமர் போட்டுச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது லேத் கடையில் அரை நாள் வேலை. அந்த அரை நாளைக் குறைக்கக் கூடாது.

பொக்ஸ் அடிப்பதால் என்ன கிடைக்கிறது

பழைய பிக்கப்களின் நீளச் சட்டம் பெரும்பாலும் சி செனல். ஒரு பக்கம் திறந்தது. அந்தத் திறந்த பக்கத்தைத் தகட்டால் மூடிப் பெட்டியாக்குவதே பொக்ஸ் அடிப்பது. திறந்த சட்டம் பாரத்தை நன்றாகத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. இதைக் கையாலேயே உணரலாம். ஒரே பீ.வீ.சீ குழாயிலிருந்து இரண்டு முழத் துண்டுகள் எடுத்து, ஒன்றை நீளவாக்கில் அரக்கத்தியால் ஒரே ஒரு கீறலாக அறுத்துவிட்டு இரண்டையும் முறுக்கிப் பாருங்கள். அறுத்தது கையில் சுருண்டு போகும். அறுக்காதது அசையாது. பொருளின் அளவு இரண்டிலும் ஒன்றுதான்.

கணக்கும் அதையே சொல்கிறது. 150 மில்லிமீற்றர் உயரமும் 65 மில்லிமீற்றர் விளிம்பும் நாலரை மில்லி தடிப்பும் உள்ள சி செனலின் திறந்த பக்கத்தை அதே தடிப்புத் தகட்டால் மூடினால், அந்தச் சட்டத்தின் முறுக்கு எதிர்ப்பு சுமார் 400 மடங்காகிறது. தடிப்பை இரட்டிப்பாக்கி அதே சட்டத்தைத் திறந்தபடியே விட்டால் கிடைப்பது 8 மடங்கு மட்டுமே. எனவே மூடுவதுதான் முக்கியம், தடிப்பு அல்ல. முழுச் செசிக்கும் 400 மடங்கு கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் அவற்றின் மூட்டுகளும் பழையபடியே நெகிழ்ந்தால், மொத்தச் செசி சில மடங்குதான் இறுகும். நீளச் சட்டத்தை மட்டும் பொக்ஸ் அடித்துவிட்டுக் குறுக்குச் சட்டத்தை மறந்தால், முன்பு செசி முழுவதும் பரவியிருந்த நெகிழ்வு இப்போது மூட்டுகளில் மட்டும் குவியும். அங்கே வெடிக்கும்.

கிராண்ட்பாஸ் பக்கத்துக் கராஜ் ஒன்றில் ஒரு பொடியன் பாஸிடம் கேட்டது இதைத்தான்: "அண்ணை, உள்ளுக்கு 8 மில்லித் தகடு அடிச்சா பிறகு கவலை இல்லைத்தானே?" அவர் கையில் இருந்த துண்டுத் தகட்டைச் சட்டத்தின் மேல் வைத்துக் காட்டினார். "தம்பி, உன்ர 8 மில்லித் தகடு உடையாது. அது முடியிற இடத்தில செசிதான் உடையும்."

அவர் சொன்னதை எழுத்தில் விரித்தால் இப்படி வரும். நாலரை மில்லிச் சட்டத்தில் 8 மில்லித் தகடு திடீரென்று முடிந்தால், அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் கல்லாக இறுகியும் மறுபக்கம் நெகிழ்வாகவும் இருக்கும். வளைவு முழுவதும் அந்தக் கோட்டிலேயே வந்து குவியும். அதே கோட்டில் மேலிருந்து கீழாக வெல்டிங்கும் ஓடினால் வெடிப்பு தொடங்குவதற்கு வேறொன்றும் தேவையில்லை. அதனால் ஒட்டும் தகடு சட்டத்தின் தடிப்பிலேயே, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். முனைகளை மீன்வாலாக அல்லது நீண்ட சரிவாக வெட்ட வேண்டும். சரிவு 45 பாகையைவிடப் படுத்திருந்தால் இன்னும் நல்லது. முனையில் நிமிர்ந்த வெல்டிங் கூடாது. இடது சட்டத்தில் தகடு முடியும் இடமும் வலது சட்டத்தில் முடியும் இடமும் ஒரே நேருக்கு வராமல் ஒரு சாண் தள்ளி வைப்பது நல்ல பழக்கம். மேல், கீழ் விளிம்புகளில் துளையும் குறுக்கு வெல்டிங்கும் கூடவே கூடாது. பாரத்தின் இழுவையும் அமுக்கமும் உச்சத்தில் நிற்பது அங்கேதான். துளை வேண்டுமானால் சி செனலின் நிமிர்ந்த நடுத்தகட்டின் நடு உயரத்தில் போடுங்கள். அங்கே வளைவின் அழுத்தம் ஏறக்குறைய இல்லை.

செவ்ரொலே அளவு பிக்கப்புக்கு என் தெரிவு இதுதான்: முன் வில்லின் பின்முனையிலிருந்து, எஞ்சின் மவுண்டிங்கையும் கியர்பொக்ஸையும் தாண்டி, பின் வில்லின் முன் ஹேங்கரைக் கடந்து ஒரு முழம்வரை பொக்ஸ் அடிக்க வேண்டும். அக்சலுக்கு மேலே வளையும் பகுதியில் தகட்டைச் சரித்து முடிக்க வேண்டும். நடுவில் பொக்ஸ் குழாயால் எக்ஸ் வடிவக் குறுக்கு வைத்தால் இன்னும் சிறப்பு, ஆனால் சைலன்சர் குழாய்க்கு வழி தேடுவது பெரும்பாடு. ஸ்டியரிங் பெட்டி பூட்டும் இடத்தில் சட்டத்துக்குள் குறுக்காக இரும்புக் குழாய்த் துண்டுகளை வெல்டிங் செய்து, போல்ட் அவற்றுக்குள்ளால் போகும்படி விட வேண்டும். இல்லாவிட்டால் போல்டை இறுக்க இறுக்கப் பொக்ஸின் இரு சுவரும் உள்ளே நசுங்கும், ஸ்டியரிங் ஆடத் தொடங்கும்.

கொழும்பில் பொக்ஸ் அடிப்பவர் மறக்கவே கூடாதது தண்ணீர். மூடிய சட்டத்துக்குள் மழைநீரும் கடற்காற்றின் உப்பும் புகுந்தால் உள்ளிருந்து தின்னும், வெளியே தெரியாது. ஒவ்வொரு அறையின் தாழ்ந்த முனையிலும் வடிகால் துளை இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் உள்ளே நீண்ட குழாயால் மெழுகெண்ணெய் விசிற வேண்டும். கொழும்பு முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் இதை வருடா வருடம் செய்ய வேண்டியிருக்கும்.

பெட்போர்டுக்கு இது பொருந்தாது

மேலே சொன்னதை அப்படியே பெட்போர்ட் ஜே அல்லது டீகே லொறியில் செய்தால் வண்டி கெட்டுப்போகும். அந்த லொறிகளின் வில்லுகள் கடினமானவை. மேடு பள்ளத்தில் நான்கு சில்லும் தரையைத் தொட வேண்டுமானால் செசி முறுக்கிக் கொடுக்க வேண்டும். வடிவமைத்தவர்கள் அதை எண்ணித்தான் சி செனலை ரிவெட்டால் பூட்டினார்கள். அதைப் பொக்ஸ் அடித்து இறுக்கினால் ஒரு சில்லு பாரமில்லாமல் தொங்கும், ஹேங்கர்கள் பிய்யும், ரிவெட்டுகள் தலையை விடும். பெட்போர்டில் டர்போ டீசல் எஞ்சின் வைப்பவர்கள் நீளச் சட்டத்துக்குள் அதே வடிவத்தில் இன்னொரு செனலைச் செருகிப் போல்ட் போடலாம். அது பாரம் தாங்கும் திறனைக் கூட்டும், முறுக்கும் நெகிழ்வை அதிகம் கெடுக்காது. எஞ்சின் மவுண்டிங்குக்கும் கியர்பொக்ஸுக்கும் புதிய குறுக்குச் சட்டம் வைக்க வேண்டும். குறுக்குச் சட்டத்தை விளிம்பில் பூட்டாமல் நடுத்தகட்டில் பூட்ட வேண்டும். பின் தட்டுக்கும் செசிக்கும் இடையில் பழையபடி பலகை வைத்து யூ போல்டால் கட்ட வேண்டும். அந்தப் பலகையின் முன் முனையைச் சீவிச் சரிவாக்குங்கள். கபினுக்குப் பின்னால் செசி வெடித்த லொறிகளில் பலகை சதுரமாக முடிந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

பிற்காலத்துப் பாரமான லொறிகள் சிலவற்றின் சட்டம் சூட்டுப் பதம் ஏற்றிய உயர்பல உருக்கால் ஆனது. அதில் வெல்டிங் வைத்தால் பதம் போய்விடும். அங்கே போல்ட் மட்டும்தான்.

தகடும் தீயும்

பழைய சோனகத் தெருவில் தகடு வாங்கும்போது தரத்தைக் கேளுங்கள். 250 மெகாபாஸ்கல் அளவில் நெகிழ்வு எல்லை உள்ள சாதாரண மென்னுருக்கு இந்த வேலைக்குப் போதும். ஐம்பதுகளின் பிக்கப் சட்டமும் அந்த வகைதான். எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழந்தகடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது எப்படி வெல்டிங் ஏற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெல்டிங் சூடு ஆறும்போது இரும்பைச் சுருக்கும். பொக்ஸ் தகடு உள்பக்கத்தில் இருப்பதால் இரண்டு வெல்டிங் வரியும் உள்பக்கத்திலேயே சுருங்கி, முழுச் சட்டத்தையும் வாழைக்காயாக வளைக்கப் பார்க்கும். ஆகவே குறுக்குச் சட்டங்கள் எல்லாம் பூட்டிய நிலையில், செசியை ஸ்டாண்டில் கட்டிவைத்தே தொடங்க வேண்டும். 50 மில்லிமீற்றர் வெல்டிங், பிறகு இடைவெளி விட்டு இன்னொரு 50. இடது சட்டத்தில் ஒன்று, வலதில் ஒன்று. கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வந்த பிறகே அடுத்தது. மாலையானதும் தூக்குக்குண்டு விட்டு மூலைக்கு மூலை அளக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்து முடிப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வெல்டிங் கூர், அதாவது உருகி இணைப்பை நிரப்பும் குச்சி, எது என்பதையும் கவனிக்க வேண்டும். 7018 கூர் இந்த வேலைக்குச் சிறந்தது. ஆனால் அது ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த கூரிலிருந்து ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் போய்ப் பிறகு வெடிப்பைக் கொடுக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் பெட்டி திறந்த கூரை மேசையில் போட்டுவிட்டு நாலு நாள் கழித்துப் பாவிப்பது தவறு. 100 பாகைக்கு மேல் சூடான பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத கராஜில் கம்பிச் சுருளும் வாயுவும் பாவிக்கும் மிக் வெல்டிங்கே நல்லது, காற்றடிக்காத மூலையில் செய்தால். பழைய வெடிப்பை அடைப்பதென்றால் அதன் நுனியில் 6 மில்லி துளை போட்டு நிறுத்தி, வீ வடிவில் கிரைண்ட் பண்ணி, வெல்டிங் நிரப்பி, மட்டமாக்கிய பிறகே மேலே தகடு. புதிய எஞ்சின் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் பற்றரியையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் கழற்றாமல் வெல்டிங்கைத் தொடங்கக் கூடாது.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய எஞ்சினோடு 60 இல் போன வண்டி கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் 100 இல் போனால், நிறுத்த வேண்டிய சக்தி 2.8 மடங்கு. பழைய ட்ரம் பிரேக் அதற்குப் போதாது. டிஸ்க் போட்டால் அதற்கு வேண்டிய மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் செசியில் பூட்ட வேண்டி வரலாம் என்பதால், பொக்ஸ் அடிக்கும் முன்பே அவற்றின் துளைகளையும் பிரேக் குழாய் வழியையும் தீர்மானித்துவிடுங்கள்.

பத்திர விடயத்தில் ஒன்று மட்டும். எஞ்சின் இலக்கம் மாறினால் அதை நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவேட்டில் திருத்த வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அங்கே விசாரித்து, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். செசி இலக்கம் குத்திய இடத்தில் கிரைண்டரோ தகடோ போகக் கூடாது. அந்த இலக்கம் மறைந்தால் வண்டியின் அடையாளமே போய்விடும். பொக்ஸ் தகட்டின் எல்லையைக் குறிக்கும்போதே அந்த இடத்தைச் சோக்கால் வட்டமிட்டு ஒதுக்கி வையுங்கள்.

வேலை முடிந்த செசிக்குக் கறுப்புக்குப் பதிலாக வெளிர் சாம்பல் பெயின்ட் அடிக்கச் சொல்வேன். வெடிப்பு வந்தால் அதிலிருந்து வடியும் துருக்கோடு வெளிர் நிறத்தில்தான் கண்ணில் படும். முதல் 500 கிலோமீற்றரில் எல்லாப் போல்டையும் டோர்க் ரென்ச் வைத்துப் பார்க்க வேண்டும். 2,000 இல் மறுபடியும். அதற்குப் பிறகு ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் வண்டியைத் தூக்கி நான்கு இடங்களில் விளக்கடித்துப் பாருங்கள்: எஞ்சின் மவுண்டிங் பிடிக்கும் இடம், ஸ்டியரிங் பெட்டி, பின் வில்லின் இரண்டு ஹேங்கர்கள், பொக்ஸ் தகடு முடியும் சரிவு.